வக்கீலம்மா விழுங்காத மாத்திரை

துணிக்கடையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர். விலை மட்டும் கேட்க வந்தவர் தலையிலும் ஆறு மீட்டரைக் கட்டிவிடுவாள். சாயம் போகுமா என்றால், "உங்க ஆயுசுக்கும் போகாது" என்பாள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் ஊமையாகிப் போனது.

கர்ப்பத்தில் ஆறாம் மாதம். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். போட்ட வாரமே வயிறு கல்லாக இறுகிவிட்டது. வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே கழிப்பறை. காலையில் அவள் உள்ளே முக்கிக்கொண்டிருக்க, மாமியார் கதவைத் தட்டுவார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? மாமாவுக்கு வேலைக்கு நேரமாச்சு."

மாமனார் துண்டும் கையுமாக நிற்பார். அவரைத் தாண்டிப் போவதற்குள் அவளுக்கு வெட்கத்தில் உயிரே போய்விடும். இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது? சத்தமில்லாமல் மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். வயிறு பழையபடி இளகியது.

அடுத்த பரிசோதனையில் இரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. "மாத்திரை போட்டும் ஏறலைன்னா வேற ஏதோ கோளாறு இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்றார் டாக்டர். கூட வந்திருந்த மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது.

சீட்டு எழுத உட்கார்ந்த நர்ஸ், "தினமும் போடறீங்கதானே?" என்று கேட்டார்.

கடைப்பேச்சு தானாக வந்துவிட்டது. "ஒரு நாள் தவறினதில்ல சிஸ்டர். வயித்துக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. காலையில மஞ்சளா, சுத்தமா, எப்பவும்போல."

நர்ஸ் பேனாவை மூடினார். "இது போட்டா கருப்பால்ல போகும்?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. எடுத்து விரிக்க ஒரு துணியும் கைவசம் இல்லை.

"கஷ்டமா இருந்தா சொல்லியிருக்கலாமே. மாத்தித் தர வழி இருக்கு" என்றார் நர்ஸ். கோபமில்லாமல் சொன்னதுதான் அதிகம் சுட்டது.

மாமியார் முந்திக்கொண்டார். "அவளைக் கேக்காதீங்க சிஸ்டர். கதவைத் தட்டினவ நான்தான். மூணு பெத்தவ, எனக்குத் தெரிய வேண்டாமா, உள்ள எதுக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கான்னு?"

பேசாமல் இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும். அவள் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாடு முடிந்ததும் டம்ளர் தண்ணீரோடு அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"அத்தை தினமும் கையில குடுத்தாங்க சிஸ்டர்" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "வாங்கிட்டுப் போய்க் கொட்டினது நான்."