வாத்துப் பலகை

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி தொடங்குவதற்குள் வெண்டல் கிரான்ஸ் காகிதக் காபிக் கோப்பையின் விளிம்பைச் சுற்றிலும் கடித்து முடித்திருப்பார். ஜெயிக்கிற நாளில் ஒரு கோப்பை. தோற்கிற நாளில் நாலு.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் எங்கள் அயோவா கல்லூரி ஃபுட்பாலுக்கு அவர்தான் கோச். வயது ஐம்பத்தெட்டு, இது ஆறாவது கல்லூரி. ஆட்டக்காரர்களின் பெயர் அவர் வாயில் நிற்காது. சொந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "டேய் ஒமாஹா, ஓடுறியா, மாடு மேய்க்கிறியா?"

அவர் மனைவி லோர்னா நாலு வீடு மாறியும் பீங்கான் தட்டுப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் மறுபடி கட்ட வேண்டுமே என்பாள். காகிதத் தட்டில்தான் சாப்பாடு.

கோச் தோற்றால், விடிவதற்குள் அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டுவிடுவது எங்கள் ஊர்க் குசும்பு. இந்த வருடம் அஞ்சு தோல்வி, அஞ்சு பலகை. வேறொருவர் என்றால் உடைத்து அடுப்பில் போட்டிருப்பார். இவர் அத்தனையும் தூக்கிவந்து பின்பக்கம் படம் வரைந்தார். ஏணி, பூட்ஸ், வாத்து. மைதான ஓரத்தில் நின்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினால், பையன்கள் அதற்கென்று வைத்த ஆட்டத்தை ஆட வேண்டும்.

"வாத்துன்னா என்ன கோச்?"

"வாத்து எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் ஓடு."

பலகை தூக்கும் வேலை, உடுப்பு துவைக்கிற எனக்கு வந்தது.

கடைசி ஆட்டத்திலும் தோற்றால் வேலை கிடையாது என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பன்னிரண்டு வினாடி மிச்சம், நாலு புள்ளி பின்னால், கோட்டுக்கு ஒன்பது கஜம். வாத்து என்றார். தூக்கினேன். பையன்கள் திருதிருவென்று விழித்தார்கள். எதிர்க்கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் காட்டியது எழுத்துப் பக்கம். பாதிப் பேர் இடது, பாதிப் பேர் வலது, பந்து தரையில்.

நாலாவது கோப்பையின் துணுக்கைத் துப்பிவிட்டுக் கேட்டார். "நீ அதிகம் படிக்கலன்னு தெரியும் ட்வெயின். ரெண்டே வார்த்த, அதுவுமா?"

ஞாயிறு காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்கு வேலை போன செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. சுத்தியலோடு புல்வெளியில் நின்று, வாத்துப் பலகையைத் தன் கையாலேயே நட்டுக்கொண்டிருந்தார்.

"கோச், என்னாலதான்..."

"முன்னாடி அஞ்சு ஆட்டமும் நீயா தோத்த? அங்க போய் நில்லு. நேரா இருக்கா பாரு."

இடது பக்கம் சாய்கிறது என்றேன். இரண்டு தட்டுத் தட்டினார். எழுத்து தெருவைப் பார்த்து நின்றது, படம் சமையலறை ஜன்னலைப் பார்த்து. ஜன்னலில் லோர்னா, கையில் காகிதத் தட்டு.

கோச் அவளுக்கு முதலில் வாத்தைக் காட்டினார். பிறகு சுத்தியலை நீட்டி, வாத்தின் அலகு பார்த்த திசையில் இருந்த நெடுஞ்சாலையைக் காட்டினார்.