எங்கள் தெரு எடுத்த மார்க்ஸ்

இந்த வருடத்துப் பெரிய பனிக்குப் பிறகு எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். என் வீட்டு வாசல் பனியைத் தள்ளியதால் அல்ல. அதற்கு ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன். நான் பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு போனது இரண்டு வீடு தள்ளி நிற்கும் ஹைட்ரன்றைத் தோண்டி எடுக்க. தீயணைப்பு வண்டி வந்தால் குழாய் பூட்டித் தண்ணீர் எடுக்கிற, மற்ற நாட்களில் நாய்கள் காலைத் தூக்குகிற அந்த மஞ்சள் இரும்புக் குள்ளன்தான். தெருவைச் சுத்தமாக்க வந்த வண்டி அவனைக் கழுத்துவரை புதைத்துவிட்டுப் போயிருந்தது.

"அப்பா, உது சிற்றீன்ர ஜொப். யூ ஆர் நொட் தேர்ட்டி எனிமோர்," என்று மகள் கதவைத் திறந்து ஒரு முறை சொல்லிவிட்டு, குளிர் உள்ளே போகிறதென்று உடனே மூடினாள். நகரசபையின் வேலை, என் வயது, இரண்டும் உண்மைதான்.

மேலே இருந்த பனியைச் சுரண்டியபோது ஈர இரும்பின் மணம் வந்தது. துருவும் பழைய பெயின்றும் கலந்த மணம். அதற்குக் கீழே நீலத் தொப்பி. அதைக் கண்டதும் நான் தனியே நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டேன். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். நீலத் தொப்பிக்கும் எனக்கும் நடுவில் குணம் அண்ணை இருக்கிறார் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

குணம் அண்ணை பல வருடங்களுக்கு முன், நகரின் வோபர்ன் பகுதியில், தன் வீட்டுக் கீழ்த்தளமான பேஸ்மென்றை எனக்கு வாடகைக்குத் தந்தவர். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஒரு பிளாஸ்ரிக் ஃபக்ரறியில் இரண்டு ஷிஃப்ற் அடித்து, ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் அந்த வீட்டை வாங்கியிருந்தார். மனிதருக்குக் கோபமும் இரக்கமும் ஒரே வேகத்தில் வரும். எதையும் மார்க்ஸாகத்தான் பார்ப்பார். புதுக் கடையில் கொத்துரொட்டி வாங்கினால் "எழுபது குடுக்கலாம்" என்பார். கோயிலில் ஐயர் மந்திரத்தை விழுங்கினால் "அரைவாசி மார்க்ஸ் வெட்டோணும்" என்பார். அவருடைய மகன் ஒருமுறை கணக்கில் ஐம்பத்திரண்டு எடுத்தபோது, இரண்டு கிழமை அந்தப் பிள்ளையுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கீழே இருந்த எனக்கே மேலே நடந்த மௌனம் கேட்டது.

நான் அப்போதுதான் வெயர்ஹவுஸ் வேலையை விட்டு ஒரு 'உருப்படியான' வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஊருக்கு நெருப்புப் பிடித்தால் அதை அணைக்க அந்த ஊரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தரம் போடுவார்கள். இன்சூரன்ஸ்காரர் அந்தத் தரத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கட்டணம் தீர்மானிப்பார்கள். அந்தத் தரப்படுத்தலுக்காக ஹைட்ரன்றுகளைத் திறந்து தண்ணீர் அளந்து கொடுக்கிற ஒரு சின்னக் கொம்பனியில் நான் உதவியாளன். செம்மஞ்சள் மேற்சட்டை, நுனியில் இரும்புத் தொப்பி போட்ட சப்பாத்து, ஒரு பெரிய சாவி. கண்ணாடியில் பார்த்தால் பொறியியலாளன் மாதிரியே இருந்தேன். முதல் மூன்று மாதம் புரபேஷன். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். நாலு வருடம் பெட்டி தூக்கியவனுக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மேலாளர் பிரையன். ஐம்பது வயது, பெரிய மீசை, ஒரு நாளைக்குப் பத்து வசனம். நாங்கள் ஒரு ஹைட்ரன்றைத் திறந்து பாயவிட்டு, பாயும் வாயில் ஒரு சிறு கருவியைப் பிடித்து அளப்போம். பக்கத்து ஹைட்ரன்றில் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்து எழுதுவோம். வெள்ளைக்காரர் இருக்கும் தெருக்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கட ஆட்கள் இருக்கும் தெரு என்றால் கதவுகள் திறக்கும். "தம்பி, தண்ணி வெட்டப் போறியளோ?" என்று ஒரு அன்ரி கேட்பார். பதில் சொல்வதற்குள் உள்ளே போய், சோறு அவிக்கும் பெரிய சட்டி முதல் குழந்தையின் குளியல் தொட்டி வரை நிரப்பத் தொடங்கிவிடுவார். சோதனை நடக்கும் நேரத்தில்தான் குழாய் அடியில் கிடந்த துரு கிளம்பித் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். சும்மா இருந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் நல்ல தண்ணீர் வந்துவிடும். முன்யோசனைக்காரர்களிடம் மட்டும் இரண்டு நாளைக்குப் போதுமான துருத்தண்ணீர் இருக்கும்.

நான் செய்த பிழை குணம் அண்ணை வீட்டில் ஒரு பிறந்தநாள் சாப்பாட்டில் நடந்தது. குணம் அண்ணையின் சகலன், அதாவது மனைவி ராணி அக்காவின் தங்கையின் புருஷன், ரூஜ் பகுதியில் புது வீடு வாங்கியிருந்தார். அன்று முழுவதும் அந்த வீட்டின் புகழ்தான். குணம் அண்ணை கதையை மாற்ற என் பக்கம் திரும்பி, "தம்பி, உம்மட வேலை என்னண்டு இவருக்குச் சொல்லும்," என்றார்.

நானும் சொன்னேன். நாலு விஷயம் பார்ப்பார்கள் என்றேன். தீயணைப்புப் படை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, நெருப்பு வராமல் தடுக்க ஊர் என்ன செய்கிறது, அழைத்தால் செய்தி எவ்வளவு விரைவாகப் போகிறது.

"நாலு பாடம்," என்றார் குணம் அண்ணை, உற்சாகமாக. "எத்தினைக்கு மார்க்ஸ்?"

"கடைசியிலை ஒண்டிலையிருந்து பத்துவரை தரம் வரும் அண்ணை. ஒண்டுதான் திறம்."

"அப்ப உது மார்க்ஸ் இல்லை, றாங்க். ஒண்டெண்டால் முதலாம் பிள்ளை. விளங்குது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது தலைக்கு ஏறிவிட்டது. நாங்கள் சோதிக்கும் பகுதிகளில் ஹைட்ரன்றின் தொப்பி நிறத்தைப் பார்த்தே அதில் வரும் தண்ணீரின் அளவைச் சொல்லலாம் என்றேன். நீலம் மிகத் திறம், அடுத்தது பச்சை, பிறகு செம்மஞ்சள், கடைசி சிவப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

சகலன் உடனே தன் வீட்டுக்கு ஃபோன் போட்டு மகளை வெளியே அனுப்பினார். நீலம். குணம் அண்ணை மெதுவாக எழும்பி வாசலுக்குப் போனார். அவருடைய புல்தரையின் ஓரத்திலேயே, பத்து வருடமாக அவர் கவனிக்காத ஹைட்ரன்ற் ஒன்று, சிவப்புத் தொப்பியோடு நின்றது. திரும்பி வந்தவர் கேக் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் என்னைக் கேள்வியால் குடைந்தார். "ரீ-கரெக்ஷன் போடேலாதோ?" "சோதினைக்கு முதல் ஏதும் ஆயத்தம் செய்யேலாதோ?" பிழை நிலத்துக்குக் கீழே இருக்கும் குழாயில், அது பழையது, ஒடுங்கியது, முட்டுச் சந்தில் முடிகிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கட பெடியளுக்கும் அப்பிடித்தான் சொன்னவை. ரியூசன் குடுத்து ஏத்தேல்லையே?" என்றார்.

சனிக்கிழமை பேஸ்மென்ற் படியில் பெயின்ற் மணத்தது. சுவாமி அறைக்கு இரண்டாம் பூச்சு அடிக்கிறார் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டால், ஹைட்ரன்ற் நீலத் தொப்பியோடு நிற்கிறது. அதுவும் ஊரில் இல்லாத நீலம். சுவாமி அறைச் சுவரின் ஆகாய நீலம். புல்லிலும் நாலைந்து துளி.

அன்று பிரையன் தந்த அட்டவணையில் வியாழக்கிழமைக்கு நேரே எங்கள் தெருவின் பெயர் இருந்தது. என் புரபேஷன் முடிய இன்னும் ஒன்பது நாள்.

மாலையில் ஓடி வந்து மேலே கதவைத் தட்டினேன். ராணி அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். புகைக்குக் கத்தக் கூடாதென்று ஸ்மோக் அலாமைக் குளியல் தொப்பியால் மூடிக் கட்டியிருந்தார். அந்த வீட்டில் அது பிறந்த நாள் முதல் அப்படித்தான் இருந்தது.

"அண்ணை, உது குற்றம். என்ர வேலை போகப் போகுது."

"சும்மா ஒரு நிறம்தானே தம்பி. ஆருக்கு என்ன நட்டம்?"

"பிடிச்சால் நான் இருக்கிற வீட்டு வாசல் எண்டு பாப்பினம். நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு நினைப்பினம். அண்ணை, நான் திரும்பப் பெட்டி தூக்க மாட்டன்."

என் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. குணம் அண்ணை என்னைப் பார்த்தார். "அழாதையும். நான் சிவப்பாக்கி விடுறன்," என்றார்.

அவரிடம் சிவப்புப் பெயின்ற் இல்லை. கோயில் மதிலுக்குப் பட்டை அடித்தபோது மிஞ்சிய காவிதான் இருந்தது. செவ்வாயும் புதனும் அடைமழை. புதன் மாலை மழை விட்ட இடைவெளியில் போய், ஈர இரும்பின் மேல், நீலத்தின் மேல், காவியைப் பூசிவிட்டு வந்தார்.

வியாழன் காலை பிரையன் வண்டியை நிறுத்தினார். ஹைட்ரன்றின் தலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுவதும் காவி. தொப்பியில் அவருடைய ஐந்து விரலும் ஆகாய நீலத்தில் பதிந்திருந்தன. அவர் கையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போது கதவு திறந்தது. குணம் அண்ணை கோயிலுக்குப் போகும் சேர்ட் போட்டு, ஒரு தட்டில் பொரித்த றோல்ஸ் அடுக்கி, பலியாட்டைப் போல நடந்து வந்தார். ஃபக்ரறியில் பழகிய ஆங்கிலத்தில் சொன்னார்: "சேர், ஐ பெயின்ற். ஹீ நொட் நோ. ஹீ குட் போய். மை ஸ்ரீற் ரெட், ஐ ஷேம். யூ பனிஷ் மீ."

பிரையன் காவி படியாத கையால் ஒரு றோல்ஸை எடுத்தார். மென்று விழுங்கினார். முதலில் சோதனை, பிறகு கதை என்றார்.

திறந்தோம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்தது. பிரையன் கருவியைப் பிடித்தார், நான் பக்கத்து ஹைட்ரன்றில் அழுத்தத்தை வாசித்துக் கத்தினேன். குணம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, றிசல்ற் ஒட்டிய பலகைக்கு முன் நிற்கும் தகப்பனைப் போல நின்றார். இலக்கம் வந்தது. சிவப்பு. முந்தியதைவிட இன்னும் கொஞ்சம் அதிகச் சிவப்பு.

அன்று பிரையன் தன் பத்து வசனத்தையும் எங்கள் தெருவிலேயே செலவழித்தார். சிவப்பு அவமானம் இல்லை என்றார். சிவப்பைக் கண்டால் தீயணைப்பு வண்டியில் வருகிறவன் அந்த ஒன்றை நம்பாமல், அடுத்த தெருவிலிருந்தும் குழாய் இழுக்க உடனே ஆள் அனுப்புவான். நீலத்தைக் கண்டால் நம்பி இதில் மட்டும் பூட்டுவான். பாதி நெருப்பில் தண்ணீர் போதாமல் போகும். அப்போது உன் வீடு எரிந்து முடிந்துவிடும் என்று குணம் அண்ணையின் வீட்டைக் காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். மேல் யன்னலில் மகன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள மார்க்ஸைச் சொன்னால்தான் உதவிக்கு ஆள் வரும் எண்டுறார், என்ன?" என்றார் குணம் அண்ணை. ஓம் என்றேன்.

பிரையன் தின்னரும் துணியும் கொடுத்து அவரைக்கொண்டே சுரண்டுவித்து, சரியான சிவப்பைத் தானே அடித்தார். நடந்ததை அறிக்கையில் எழுதினார், எங்களுக்காக மறைக்கவில்லை. சிற்றி நிர்வாகத்தில் இருந்து குணம் அண்ணைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்குப் புரபேஷனை ஒரு மாதம் நீட்டினார்கள். அந்த மாதம் முழுவதும் ராணி அக்கா மேலேயிருந்து சாப்பாடு அனுப்பினார். மீன் பொரியலோடு ஒரு செய்தியும் வந்தது: ஸ்மோக் அலாமின் தொப்பி கழற்றப்பட்டுவிட்டதாம். நெருப்பு வராமல் தடுக்கிற அந்த மூன்றாம் பாடத்திலும் ஃபெயிலாகக் கூடாதென்று குணம் அண்ணையின் உத்தரவு. அன்று முதல் அந்த வீட்டில் மீன் பொரிக்கும் நாளெல்லாம் தெரு முழுவதற்கும் தெரிந்தது.

அடுத்த பனிக்காலத்தில் அவர் முதலில் ஹைட்ரன்றைச் சுற்றித்தான் பனி தள்ளினார். பிறகுதான் தன் வாசல். கதவடியில் நின்று ராணி அக்கா ஒருநாள் கேட்டே விட்டார்: "என்னப்பா, பெடியன் அம்பத்திரண்டு எடுத்த அண்டைக்கு இவ்வளவு பாசம் காட்டேல்லையே? உந்த இரும்புக்கு என்ன?"

குணம் அண்ணை சவளை ஊன்றிக்கொண்டு நின்றார். "மார்க்ஸ் குறைஞ்ச பிள்ளையைத்தான் கூடப் பாக்கோணும். எனக்கு உது பிந்தித்தான் விளங்கினது," என்றார். அன்று பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு கொத்துரொட்டி வாங்கப் போனார். அதற்கு எத்தனை மார்க்ஸ் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

நான் அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். ஆனால் மேசையில். எந்தக் குழாயில் எவ்வளவு வரும் என்று கணினியே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. அதைச் சரிபார்க்க எப்போதாவது ஒன்றைத் திறந்தாலும் தெருவுக்கு ஒருவரும் வருவதில்லை. பெரிய சட்டிகளும் நிரம்புவதில்லை. பிரையன் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டார். குணம் அண்ணை மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். ராணி அக்கா மகனோடு வேறு மாகாணத்தில் இருக்கிறார். வீட்டை யாரோ வாங்கிவிட்டார்கள்.

என் ஹைட்ரன்றைத் தோண்டி முடித்த அன்று, முதுகு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சவளைக் காரில் போட்டுக்கொண்டு வோபர்னுக்குப் போனேன். எல்லா வாசல்களும் துப்புரவாக இருந்தன. ஹைட்ரன்ற் இருந்த இடத்தில் ஒரு பனிமேடு. தோண்டினேன். அந்தத் தெருவின் பழைய குழாயை மாற்றிவிட்டார்கள் என்று அலுவலகத் திரையில் எப்போதோ பார்த்த ஞாபகம். தொப்பியைக் கையால் துடைத்தேன். நீலம். கள்ளமில்லாத, அளந்து கொடுத்த நீலம்.

குணம் அண்ணையின் இரும்புப் பிள்ளை கடைசியில் முதலாம் பிள்ளையாக வந்திருந்தது. கதவைத் தட்டி அதைச் சொல்ல, அந்தத் தெருவில் எனக்கு ஒரு வீடும் இல்லை.