பல்வலி டிராகனும் அடிபிடித்த கிழங்கும்

போலந்தின் லுப்லின் நகரில், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டும் எங்கள் ஸெனோன் மாமாவுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே குரலில்தான் வரும். ‘அடுத்த நிறுத்தம் கல்லறை’ என்பதையும் ‘உனக்கு வேலை கிடைச்சிருச்சு’ என்பதையும் ஒரே மாதிரிச் சொல்வார். எண்பதுகளில் அந்தக் குரல்தான் அவருக்குப் பக்கத் தொழில். சந்தையில் விற்ற வெளிநாட்டுக் கார்ட்டூன் வீடியோ கேசட்டுகளுக்குச் சமையலறையில் உட்கார்ந்து போலிஷில் வசனம் படிப்பார். எங்கள் நாட்டு வழக்கப்படி எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஆள். எலியும் அவர், இளவரசியும் அவர். யாருக்காகவும் குரலை ஏற்ற மாட்டார், இறக்க மாட்டார்.

அதில் பேர் வாங்கியது பல்வலி வந்த ஒரு டிராகனின் கதை. நடுவில், இர்மினா அத்தை கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

“ஸெனேக்! கிழங்கு அடிபிடிக்குது. மூக்கை அடகு வச்சிட்டியா?”

“வரேன்டி.”

இந்த ‘வரேன்டி’ டிராகனின் வாயசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால், டிராகன்தான் கிழங்கு வேக வைக்கிறது என்று ஊர்ப் பிள்ளைகள் நம்பின.

பத்து வயதில் நான் ஒரு வேலை செய்தேன். வீட்டிலிருந்த கேசட்டில் சரியாக அந்த இடத்தில் டிவியின் வானிலை அறிக்கையைப் பதிந்து, மாமாவின் பெயர்கொண்ட புனிதரின் திருநாளன்று போட்டுக் காட்டினேன். டிராகன் வாயைத் திறந்தது. அடுத்த நொடி வானிலைப் படம் வந்து, வடக்கே பனி பெய்யும் என்றது. அதிகம் சிரித்தது அத்தைதான். அடுத்த வசந்தத்தில் அத்தை இறந்துபோனாள். அவள் குரல் வேறு எதிலும் இல்லை.

மாமா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். நான்கு வருடம் சந்தை சந்தையாக அந்தக் கேசட்டைத் தேடினார்.

போன மாதம் பஸ் நிறுத்தங்களில் எல்லாம் நானே ஒரு தாள் ஒட்டினேன்: ‘ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் பல்வலி டிராகன். ஸெனோன் நேரில் படிக்கிறார். பழைய கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள்.’ மாமாவிடம் கேட்கவில்லை. ஓட்டிக்கொண்டு போகும்போது அவரே படித்துத் தெரிந்துகொண்டார்.

“விட்டெக், உன்னைச் சக்கரத்துக்கு அடியில போடுறேன்டா,” என்றார், நான் அவர் பஸ்ஸில் ஏறியதும், மாறாத அதே குரலில். நிறுத்தத்தின் பெயர் என்று நினைத்து ஒரு பாட்டி இறங்க எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீசை முளைத்த குழந்தைகள் முப்பது பேர் வந்தார்கள். நான் பாழாக்கிய கேசட்டைச் சத்தமில்லாமல் ஓட்டினோம். மாமா கோட்டும் டையுமாக, இளவரசிக்குக் கீச்சுக் குரலெல்லாம் எடுத்துப் பார்த்தார்.

“அய்யா, என்ன இது நடிப்பு?” என்று இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். “எங்க இளவரசி பொணம் மாதிரி பேசுவா. அவளைக் குடுங்க!”

மாமா டையைத் தளர்த்தினார். இளவரசி பொணமானாள். கூடமே கைதட்டியது. பிறகு திரையில் வானிலைப் படம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“ஸெனேக்! கிழங்கு அடிபிடிக்குது. மூக்கை அடகு வச்சிட்டியா?”

முப்பது தொண்டைகள், ஒரே நேரத்தில், அத்தையின் இழுவையோடு.

மாமா வசனத் தாளைத் தாழ்த்தினார்.

“வரேன்டி,” என்றார். முதல் தடவையாக அந்தக் குரல் ஆடியது. யாரும் குறை சொல்லவில்லை.

முடிந்ததும் இறைச்சிக்கடைக்காரர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் டிராகன் பாதி அழிந்திருந்தது. மாமா முதல் வேலையாகக் கேசட்டின் முதுகிலிருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்து எறிந்தார். அந்தத் துண்டு போய்விட்டால் கேசட்டின்மேல் யாரும் வேறு எதையும் பதிய முடியாது.

“உன்னை நம்ப முடியாதுடா,” என்று சொல்லிவிட்டு, வீடு வரை தூக்கிவரக் கேசட்டை என் கையில் கொடுத்தார்.