மீன் ஊசி

சின்னவளின் இடது கை ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு நின்றுவிடும். அடுக்குமாடியில் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். நாய் கடித்தது என்று ஒருவரிடமும், லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டது என்று இன்னொருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். ஒருமுறை உண்மையையே சொல்லிப் பார்த்தாள். "மீனுக்குப் போடுற தடுப்பூசி என் கையில பட்டுடுச்சு." கேட்ட பெண்மணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க" என்று போய்விட்டாள். அன்றிலிருந்து நாய்தான்.

இருபத்திரண்டு வருஷம் மீன்பண்ணையில் ஊசி போட்டவள் அவள். பக்கத்தில் நின்று ஊசி போட்டவள் பெரியவள், கணவனுடைய அண்ணன் மனைவி. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடித்தனம், ஒரே ஷெட்டில் வேலை. இருவருக்கும் சொந்தப் பெயர் இருந்ததே பண்ணைக்கு மறந்துபோயிற்று. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை பெரியவள், சின்னவள் என்றுதான். பெரியவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போதும் ரப்பர் பூட்ஸ் போட்ட யாரையாவது தெருவில் பார்த்தால் சின்னவளுக்கு அந்த ஷெட் ஞாபகம் வந்துவிடும். காலில் ஏறும் ஈரக் குளிர், காற்றுக் குழாயின் குமிழிச் சத்தம், துவைத்தாலும் போகாத அந்த வாடை. அதற்கெல்லாம் ஏங்குவாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

வேலை இதுதான். குஞ்சு மீன்களை மயக்க மருந்து கலந்த தொட்டியில் விடுவார்கள். மல்லாந்ததும் அள்ளி மேஜையில் கொட்டுவார்கள். இடது கையில் மீனைப் பிடித்து, அடித் துடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றில் ஒரு குத்து. மீன் கண்ணைத் திறக்குமுன் சாய்வுக் குழாயில் வழுக்கி நல்ல தண்ணீருக்குப் போய்விட வேண்டும். மணிக்கு ஆயிரத்து முன்னூறு மீன். சின்னவளுக்கு ஆயிரத்து நானூறு வரும்.

தடுப்பு மருந்து பால்போல வெள்ளையாக இருக்கும். எண்ணெயில் கலந்தது. பண்ணைக்கு வரும் மீன் டாக்டர் ஒரு மாதம் கழித்து நாலைந்து மீனை அறுத்துப் பார்ப்பார். குடல் வயிற்றுச் சுவரோடு லேசாக ஒட்டியிருந்தால் திருப்தியாகத் தலையாட்டுவார், ரொம்ப ஒட்டியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார். ஏன் ஒட்டுகிறது என்று ஒருநாள் பெரியவள் அவரை விடாமல் கேட்டுவிட்டாள்.

"எண்ணெய் சீக்கிரம் கரையாதும்மா. யாரோ எதிரி உள்ள புகுந்துட்டான்னு உடம்பு படையை அனுப்பி வளைச்சுக்கும். வீங்கும், சிவக்கும். அந்தச் சண்டையிலதான் நோயை அடையாளம் கண்டு வெச்சுக்கும்."

"படை எங்கிருந்து வருது?"

"நமக்குன்னா எலும்பு மஜ்ஜையிலேர்ந்து. மீனுக்கு எலும்பு இருக்கு, ஆனா அதுக்குள்ள அந்த வேலை நடக்கிறதில்ல. தலைக்குப் பின்னால சிறுநீரகத்தோட முன்பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் அதோட பட்டறை."

பெரியவள் ஏதோ சொத்து கிடைத்த மாதிரி அதை வீட்டுக்கு எடுத்துவந்து எல்லோருக்கும் சொன்னாள். அவளுக்கு வரிசைத் தலைவி பதவி கிடைத்ததும் அந்த வாய்க்காகத்தான் என்று சின்னவளுக்கு எரிச்சல்.

சண்டை வந்தது அதற்கும் பிறகு. குடும்பமே கூடியிருந்த ஒருநாள், "எங்க சின்னவளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம்" என்றாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளின் கணவனும் சிரித்தான். அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. ஒன்றரை வருஷம். ஒரே மேஜையில் தோளோடு தோள் உரச நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதை மீனிடம் சொன்னார்கள். "ஏ மீனே, சிலபேர் ஊசியை மாத்தவே மாட்டாங்க போல, மொண்ணையா குத்துது பார்" என்பாள் பெரியவள். "மீனே, உனக்கு வலிச்சா நீயே சொல்லு, அடுத்தவங்க எதுக்கு" என்பாள் சின்னவள். மற்ற பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஷெட் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு விதி இருந்தது. ஊசி கையில் பட்டால், எவ்வளவு சின்னக் குத்தானாலும், அந்த நிமிஷமே வரிசைத் தலைவியிடம் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு மீன் முழுதாக மயங்காமல் துள்ளியது. ஊசி கையுறையைத் தாண்டிச் சின்னவளின் விரல் நுனியில் இறங்கியது, மருந்தைத் தள்ளும் விசையும் அழுந்திவிட்டது. எறும்பு கடித்த அளவுதான் வலி. சொல்வதென்றால் பெரியவளிடம்தான் சொல்ல வேண்டும். முதலில் வாய் திறந்தவள் தான் என்றாகிவிடும். சின்னவள் அடுத்த மீனை எடுத்தாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து கையுறையைக் கழற்றினால் நுனி வெளுத்து, அதற்குக் கீழே விரல் புடைத்து விண்விண் என்று தெறித்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, "மீனுக்குப் போடுற மருந்துதானேம்மா, ஒண்ணும் ஆகாது" என்று வலி மாத்திரை எழுதினார்.

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவள் வந்தாள். காலில் பூட்ஸ், இடுப்பில் நனைந்த ஏப்ரன். கையில் மீன் மருந்துப் பெட்டிக்குள் வரும் தாள். சின்னவளைப் பார்க்கவே இல்லை.

"இதுல டாக்டருக்குன்னே தனியா எழுதியிருக்கு. படிங்க. சத்தமா படிங்க, எனக்கும் கேக்கணும்."

டாக்டர் படித்தார். துளி மருந்தானாலும் பெரிய வீக்கம் வரும், ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே போகலாம், உடனே கீறிக் கழுவ வேண்டும். நாலு வரி தாண்டியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிட்டார். விரலைக் காப்பாற்றினார்கள், நுனி மட்டும் போயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர். பெரியவள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சண்டையும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பேச்சையும் கேட்கச் சகிக்காமல் கணவன்மார்கள்தான் வெளியே போய் உட்கார்ந்தார்கள். சின்னவள் எட்டு மாதத்தில் மேஜைக்குத் திரும்பினாள். வேகம் தொள்ளாயிரத்துக்கு இறங்கியிருந்தது. பெரியவளும் தன் வேகத்தைத் தொள்ளாயிரமாகவே வைத்துக்கொண்டாள். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, "வயசாகுது சார்" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

பெரியவள் படுக்கையில் விழுந்த கடைசி மாதம், ஒரு மத்தியானம் சின்னவள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டி," என்றாள் பெரியவள். "அன்னைக்கு உன் விரல்ல ஊசி இறங்கினதை நான் பார்த்தேன். அப்பவே பார்த்தேன். நீயா வாயைத் திறந்து சொல்லட்டும்னு வீம்பா நின்னுட்டேன். நாலு மணி நேரம். உன் விரலை நான்தான் தின்னேன்."

சின்னவள் சீப்பை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. நீங்க பார்த்ததை நானும் பார்த்தேன். நீங்களா கேக்கட்டும்னு நின்னேன்."

பெரியவளின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நாலு மணி நேரத்துல எத்தனை மீன் குத்தியிருப்போம்?"

"ஆளுக்கு ஐயாயிரம் இருக்கும்க்கா."

"அத்தனையில ஒரு மீன்கிட்டகூட ஒரு வார்த்தை பேசலையேடி" என்றாள் பெரியவள்.