டம்ளரை விட்டு வெளியேறிய மூன்றாவது குண்டு

போன வாரம் எங்கள் சமையலறை மேடையில் வாழைப்பழங்கள் கனிந்து கறுத்துக் கிடந்தன. "அப்பா, திஸ் இஸ் சோ கிரோஸ்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மகள் ஓடினாள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். உங்களுக்கு அந்த வாசனை பஞ்சாமிர்தத்தை நினைவூட்டலாம். எனக்குத் துப்பாக்கி நினைவுக்கு வரும். குழலுக்குள் படியும் கரியைக் கரைக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். அது அழுகத் தொடங்கிய வாழைப்பழம் போலவே மணக்கும். கேட்டி என்ற ஊரில் கோமதி அக்கா வீட்டு கராஜில் ஓர் அக்டோபர் முழுக்க அந்த மணம் நின்றது.

கோமதி அக்கா என் முதல் வேலையில் பக்கத்து இருக்கைக்காரர். தேனிப் பக்கம். கிரீன் கார்டு வந்த கையோடு மற்றவர்கள் பெரிய வீடு பார்த்தபோது, அவர் ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கினார். நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். உலகத்தின் பொறுப்பு மொத்தமும் என் தோளில் இறங்கியிருப்பதாக நம்பினேன். வீட்டில் ஆயுதம் வைத்திருப்பதன் விளைவுகளைப் பற்றி ஒரு மதிய உணவு வேளையில் அவருக்குப் பிரசங்கமே செய்தேன்.

"நீ கடையில பிளாஸ்டிக் தட்டுல வாங்குறியே சிக்கன், அது தானா போய் பிரிட்ஜ்ல படுத்துக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் தயிர்சாதத்தைத் தொடர்ந்தார்.

அவர் சுடப் பழகும் இடத்துக்குக் கூடவே போய்க் கண்காணிப்பது என்று தீர்மானித்தேன். மனசாட்சியின் பிரதிநிதியாகப் போனவன் இரண்டொரு வாரத்தில் துப்பாக்கியின் திருகாணிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கியதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் என்னைவிடக் கடுமையான கண்காணிப்பாளர் அவரேதான். "குறி தப்பினா மான் சாகாதுடா, காயத்தோட ஓடும். எங்கயாவது புதருக்குள்ள கிடந்து தவிக்கும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்." ஆகவே ஒரு விதி வகுத்திருந்தார். நூறு கஜ தூரத்தில் அடுத்தடுத்துச் சுடும் மூன்று குண்டுகளும் ஒரு காபி டம்ளரின் வாயளவுக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் நவம்பரில் மான் வேட்டைக்கான சீசன் திறக்கும்போது போவது; இல்லையென்றால் துப்பாக்கியையே விற்றுவிடுவது.

செப்டம்பரில் அடங்கின. அக்டோபர் நடுவில் அடங்கவில்லை. முதல் குண்டு நடுவில் விழும்; இரண்டாவது சற்று மேலே; மூன்றாவது டம்ளரை விட்டே வெளியேறிவிடும்.

குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்திருந்த திருகாணிகளை இறுக்கினோம். வேறு தோட்டா வாங்கினோம். வாழைப்பழத் திரவத்தை ஊற்றி ஊற்றிக் குழலைத் துடைத்தோம். மூன்றாவது குண்டு மட்டும் மனம் மாறவில்லை.

"நீங்க மூச்ச சரியா அடக்கலக்கா" என்றேன்.

"நீ மொதல்ல வாய அடக்கு."

சீசனுக்கு முந்தைய சனிக்கிழமை, விற்பனை விளம்பரத்துக்குப் படம் எடுக்கவென்று துப்பாக்கியை கராஜ் மேசைமேல் கிடத்தியிருந்தார். படம் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்: "ஆறியிருக்கும்போது ஒழுங்கா இருக்கு. சூடானாதான் தப்பு பண்ணுது. ஒரு டாலர் நோட்டு குடு."

குழல் எதன்மேலும் படாமல், அடியில் உள்ள மரக்கட்டைக்குச் சற்று மேலே தனியாக நிற்க வேண்டும். பட்டால், சூடேறும்போது அது ஒரு பக்கமாக நெட்டித் தள்ளப்படும். இரண்டுக்கும் இடையில் நோட்டை நுழைத்து இழுத்தார். பாதி வழியில் அது நின்றது. கட்டையைக் கழற்றிப் பார்த்தோம். மஞ்சளாக, கல்லாக இறுகி, நடுவில் சிவப்புத் தீற்றலோடு ஒரு கட்டி.

அக்கா அதைச் சுரண்டி முகர்ந்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்: "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க!"

அவர் கணவர் சுந்தரம் அண்ணன் கரண்டியோடு வந்தார். சமையலும் பூஜையும் அந்த வீட்டில் அவர் பொறுப்பு.

"இதுக்கு சந்தனம் வெச்சீங்களா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கு வைக்காம, மிக்ஸிக்கா வைப்பாங்க?"

"மிக்ஸிக்கும்தான் வெச்சீங்க!"

"அது நல்லாத்தானே ஓடுது?"

நாங்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. லேப்டாப்புக்கும் காருக்கும் பொட்டு வைத்தே பழகிய எங்கள் கூட்டத்தில், நிஜமான ஆயுதத்துக்குப் பூஜை செய்த ஒரே மனிதர் அவர். தாராளமாக அப்பியிருக்கிறார், வழிந்து இடுக்கில் இறங்கியிருக்கிறது. மறுநாள் வெளியே தெரிந்ததை மட்டும் பயபக்தியோடு துடைத்திருக்கிறார். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு அன்று மாலையே சுட்டுப் பார்த்தோம். மூன்றும் டம்ளருக்குள் அடங்கின.

சீசன் திறந்த காலையில், கொலம்பஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் நானும் அவரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு முறைதான் சுட்டார். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அக்கா உடனே எழுந்துகொள்ளவில்லை. "தவிக்கலல்ல?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றேன். அப்புறம்தான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அன்றோடு என் பிரசங்கங்களும் முடிந்தன. என் கருத்து மாறிவிடவில்லை. அதைச் சொல்லும் தொனிதான் மாறிவிட்டது.

அக்காவும் அண்ணனும் இந்தியா திரும்பிக் கோயம்புத்தூரில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த மேய்ச்சல் நிலம் இப்போது இல்லை. ஒரே மாதிரியான வீடுகளும் அவற்றுக்கு நடுவே ஓர் அகலச் சாலையும் இருக்கின்றன. பழைய வழியை மறக்காத மான்கள் அதைக் கடக்கப் பார்க்கின்றன. சில காலைகளில் ஒன்று சாலையோரப் புல்லில் தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி கிடக்கும். கார்கள் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். அது தவிக்கிறதா என்று இறங்கிப் பார்க்க அங்கே யாரும் இல்லை.