ரவையோடு சேர்த்து

"எழுதுங்க சார். முட்டாள்னு ஒரு கட்டம் போட்டிருந்தா மொத அதுல டிக்கு அடிச்சிடுங்க. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்."

நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கும் என் தட்டச்சுக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் செவ்வந்தி இப்படித்தான் தொடங்குவாள். இங்கே மட்டுமில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் பியூனிடம், "வெவரங்கெட்டவ ஒருத்தி வந்திருக்கான்னு உள்ள சொல்லுங்க" என்பாள். அடுத்தவர் தன்னை மட்டம் தட்டுவதற்குள் தானே தட்டிக்கொண்டுவிடுவாள். எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார். சிரித்த முகத்தை மறுபடி கடுகடுப்பாக்க எந்த அரசு ஊழியருக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் அவள் காகிதம் மேசைக்குப் போயிருக்கும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடவு நட்டுப் பிழைக்கிறவள். ஒல்லி, கறுப்பு, கெட்டியான மணிக்கட்டு. நடக்கும்போதும் முதுகு லேசாக முன்னால் சாய்ந்திருக்கும். "நேரா நின்னா எனக்குக் கிறுகிறுன்னு வருது சார். பழக்கமில்லாத காரியம் பாருங்க." காகிதங்களையெல்லாம் ஒரு மைலோ பானப்பொடி டின்னில் வைத்திருக்கிறாள். திறப்பதற்குமுன் மூடியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கரப்பானுக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறாளாம்.

டின் மலேயாவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர்தான் அவள் கணவர் வீரையன். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுகிறார். தாத்தா பிறந்த ஊரைப் பார்க்கவென்று கப்பலேறி வந்தவர், ஊரைப் பார்த்ததைவிடச் செவ்வந்தியைப் பார்த்ததுதான் அதிகம் என்பது அவள் அம்மா காளியம்மாளின் கணக்கு. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடிக்கம்பத்தடியில் மாலை மாற்றி, சங்கத்துத் தோழர்கள் இரண்டு பேர் பேசி, எல்லோரும் டீ குடித்ததும் கல்யாணம் முடிந்தது. லீவு தீர்ந்து அவர் கப்பலேறினார். மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதிக்கு மனுப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"கல்யாணம் ஒரு மாசம், காயிதம் ஒரு வருசம்" என்பாள் செவ்வந்தி.

பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி வேண்டியிருந்தது. "பெரும்புயல் அடிச்ச வருசம். எந்தத் தேதின்னு எனக்கு ஞாபகம் இல்ல சார், நான் அப்ப சின்னப்புள்ள." புயல் கரையேறிய மூன்றாம் நாள், இடிந்த சுவரோரம் பிறந்தவள் என்று காளியம்மாள் வந்து சாட்சி சொன்னாள். ஐம்பத்திரண்டாம் வருஷக் கார்த்திகைக்குக் கணக்குப் போட்டு நான் ஒரு தேதியைத் தட்டினேன். தன் பிறந்த தேதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு" என்றாள்.

திருமணத்தைப் பதியப் போனபோது குமாஸ்தா, புரோகிதர் பெயரைக் கேட்டார்.

"அவரு வரலிங்க."

"ஏன்?"

"கூப்புடலிங்க. கூப்புட்டாலும் எங்க தெருவுக்கு வந்திருப்பாராங்க?"

குமாஸ்தா கோப்பை மூடப்போனார். சார்பதிவாளர் உள்ளிருந்தே, "புரோகிதர் இல்லாம நடந்தாலும் செல்லும்னு சட்டம் வந்து வருஷம் எத்தனை ஆச்சு, எழுதுய்யா" என்றார். எழுதினார்கள். வெளியே வந்ததும் செவ்வந்தி சொன்னாள்: "சட்டம் வந்தது அவருக்குத் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் ஒரே வகுப்புதான் போல."

மிச்சமிருந்தது அம்மைத் தடுப்பூசியும் நெஞ்சு எக்ஸ்ரே படமும். காசநோய் இல்லை என்று படம் சொன்னால்தான் அங்கே அனுமதி. இருபது வருஷமாக இந்தப் படிவங்களைத் தட்டுகிறேன். படத்தில் நிழல் விழுந்து கப்பலேற முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளோடு நானும் டாக்டர் ராமசுப்பிரமணியன் வீட்டு மருத்துவமனைக்குப் போனேன். திருப்பனந்தாள் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் போய், பிள்ளைகளெல்லாம் படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டார்கள். அதிகம் பேசாத மனிதர்.

படம் எடுக்கிறவர் ஈரப் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புள்ளி ஒண்ணு தெரியுதே" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வந்தி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா இருமி இருமித்தான் செத்தார். அது எனக்கும் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ளி வச்சாச்சு சார். இனிமே கோலம் போட வேண்டியதுதான்" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்து, சோடா வேண்டுமா என்று கேட்டேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. இது முதுகுப் பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ இருக்கு. உலோகம். எப்படி வந்துச்சு?"

செவ்வந்தி மூச்சை விட்டாள். நெஞ்சில் இல்லை என்றதுமே அவளுக்குப் பழைய முகம் வந்துவிட்டது.

"ரவைங்க ஐயா. உப்புமா கிண்டுற ரவை இல்லீங்க."

அதன்பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னாள். அவள் தாவணி போட்ட புதிதில் ஓர் அறுவடை. கூலி நெல் கூட்டிக் கேட்டவர்களை விட்டுவிட்டு மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஊர் ஆட்கள் வரப்பில் போய் மறித்து நின்றார்கள். களத்துமேட்டிலிருந்து மிராசுதார் ஆட்களின் துப்பாக்கி வெடித்தது.

"எல்லாரும் நின்னாங்கன்னு கூட்டத்துல பேசுவாங்க. நின்னவங்க நின்னாங்க. நான் ஓடுனேங்க ஐயா. முதுகுல பட்டுருக்கே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அப்பறம் போலீசு வந்து விசாரிச்சு, கூட்டத்தக் கலைக்க வானத்தப் பாத்துச் சுட்டாங்க, ஒருத்தர் மேலயும் படலன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்ப நான்தான் வானத்துல நின்னுருக்கேன் போல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனவங்க பேரெல்லாம் கேசுல ஏறிடுச்சு. எங்கம்மா முள்ளுவாங்கியாலயே எடுத்தா. கைக்கு வந்த வரைக்கும் எடுத்தா. இது ஒண்ணு வரல. அதனால கேக்குறவங்ககிட்ட முள்ளு குத்துனதுன்னு சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

டாக்டர் மறுபடி படத்தைப் பார்த்தார். "நோய் இல்லைன்னு எழுதிடறேன். அவங்களுக்கு அது போதும்."

"புள்ளியப் பத்தி என்ன எழுதுவீங்க?"

"உலோகத் துண்டு, தீங்கில்லாததுன்னு."

"எப்புடி உள்ள போச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

நான் குறுக்கிட்டேன். என் தொழில் அனுபவத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன். துப்பாக்கி என்று ஒரு வார்த்தை இருந்தால் அங்கே பயப்படுவார்கள், என்ன கலவரம், என்ன வழக்கு என்று தோண்டுவார்கள், மனு கிடப்பில் போய்விடும், வாயை மூடிக்கொண்டு கப்பலேறு என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது நாயந்தான் சார். ஆனா அன்னைக்கு யாரு மேலயும் படலன்னு எழுதுனாங்கல்ல, அதுக்கப்பறம் எங்கம்மாகூட சில நேரம் சந்தேகமாத்தான் என் முதுகத் தடவிப் பாப்பா. ஐயா, ரவைன்னே எழுதுங்க. நான் கெட்டிக்காரியா இருந்தா முள்ளுன்னு எழுதச் சொல்லுவேன். இல்லையே."

டாக்டர் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு முன் ஒருமுறை, "யோசிச்சுக்கோம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். துப்பாக்கி ரவை, பழைய காயம், தொற்றுநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைத் தாங்கிய உறை மலேயாவுக்குப் போயிற்று.

நான் சொன்னபடியே நடந்தது. காயம் எந்தச் சம்பவத்தில் ஏற்பட்டது, மனுதாரர்மேல் வழக்கு உண்டா என்று உள்ளூர்க் காவல்துறையின் கடிதம் வேண்டும் என்று கேட்டு மலேயாவிலிருந்து எழுதினார்கள். நான் "பாத்தியா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதைவிட மோசமாக, வீரையனிடமிருந்து கடிதமே நின்றுபோயிருந்தது. ரவை பற்றிய செய்தி அங்கிருந்த ஆபீஸ் மூலமாக அவருக்குப் போய்விட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது.

"தபால்காரர் என்னக் கண்டா சைக்கிளத் திருப்பிக்கிறாரு சார். பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்றாள். அந்த நாட்களில் கடைக்கு வந்தால் டின்னைத் திறக்கவே மாட்டாள். மடியில் வைத்துக்கொண்டு என் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்: "ஒரு மாசம் கூட இருந்தவருகிட்ட நானே சொல்லியிருக்கணும்ல?" நான் மெஷினில் எதையோ சரிசெய்தேன்.

காவல் நிலையத்துக்கு அவளே போனாள். நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டேஷன் எழுத்தர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு உறுமினாராம்.

"என்னம்மா ரவை கிவைன்னு. அன்னைக்கு யாருக்கும் அடிபடல. கோப்பு சொல்லுது."

"அப்படின்னா அப்படியே எழுதிக் குடுங்க எசமான். அன்னைக்கு யாருக்கும் அடிபடல, என் மேல எந்தக் கேசும் இல்லன்னு. எனக்கு ரெண்டாவது போதும். மொத சொன்னதும் சேந்து இருந்தா உங்களுக்கும் மரியாதை."

அவர் தன் கோப்பைக் காப்பாற்றுகிற அக்கறையில் முத்திரையோடு எழுதிக்கொடுத்துவிட்டார். வெளியே வந்து அதை என்னிடம் நீட்டினாள். ரவை இருக்கிறது என்று ஒரு காகிதம், யார் மேலும் படவில்லை என்று ஒரு காகிதம். இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு ஒட்டும்போது இது நிச்சயம் தேறாது என்று மறுபடியும் அனுபவத்தோடு சொன்னேன்.

பயிர் கதிர்விட்டுப் பூட்டைக்கு வந்த சமயம் வீரையன் கடிதம் வந்தது. என் கடைக்கே கொண்டுவந்து, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனாலும் என் குரலில் வேண்டுமென்றாள், பயமாக இருந்திருக்கும்.

முதல் வரி, 'முள் என்று சொன்னாயே.' அங்கே நான் நிறுத்தினேன். "படிங்க" என்றாள். கோபத்தில் கொஞ்ச நாள் எழுதாமல் இருந்ததாகவும், கோபம் ரவைக்காக இல்லை, அதை ஓர் அதிகாரி வாயால் கேட்க நேர்ந்ததற்காக என்றும் எழுதியிருந்தார். பிறகு லாரியை ஆலையில் விட்டுவிட்டுக் அனுமதி கொடுக்கும் குடிநுழைவு ஆபீசுக்கு நேரே போயிருக்கிறார். எங்கள் உறையைப் பிரித்த அதிகாரி, இரண்டு கடிதமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே, எதை நம்புவது என்று கேட்டாராம். 'டாக்டர் கடிதத்தை நம்புங்கள். என் பெண்டாட்டியை ரவையோடு சேர்த்துத்தான் கேட்கிறேன்' என்று சொன்னதாகவும், வழக்கு இல்லை என்பதால் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், அனுமதி தனியே வருவதாகவும் எழுதியிருந்தார்.

செவ்வந்தி முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தை எடுத்து, "அந்த ஆளும் ஒண்ணும் கெட்டிக்காரன் இல்ல போலிருக்கு சார். பொருத்தம்தான்" என்றாள்.

அனுமதி வந்தது. இருபது வருஷ அனுபவம் என்று சொல்வதை நான் இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் கடலில் தள்ளி நின்றது. பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். துறையில் நல்ல கூட்டம். காளியம்மாள் கடைத்தெரு தாண்டி வந்திருந்தும், மிராசுதார் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது என்ற ஊர்ப் பழக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் போட்டிருந்தது அந்த வாரம்தான் வாங்கிய சிவப்பு வார்ச் செருப்பு.

படிக்கட்டில் பாசி. "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கம்மா, வழுக்கும்" என்று படகுக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் எல்லோரும் ஏறினார்கள். செவ்வந்தி முறை வந்தது. அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒரு கையால் படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தாள், முதுகை நிமிர்த்தினாள், செருப்புக் காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள்.