மாலையோடு எடுத்த பட்டு

முகூர்த்தப் பட்டு எடுக்க ராஜபாளையம் கிளம்பிய அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு கல்யாண மாலையை வாங்கிக்கொண்டேன். மணமேடையில் மாலை இல்லாத பெண்ணை யார் பார்த்திருக்கிறார்கள்?

கடையில் என் வருங்கால மாமியார், முழுக்க மயில் நெய்த பட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதை எனக்குச் சுற்றிவிட்டதும் மாலையைப் போட்டேன்.

"அக்கா, சேலைல ஈரம் படும்!" என்று விற்பனைப் பெண் பதறினாள்.

"கல்யாணத்தன்னைக்கும் படத்தானே செய்யும்?" என்றேன்.

கண்ணாடியில் மாலையின் ரோஜாதான் தெரிந்தது. முன்பக்க மயில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மயிலே இல்லாத, அகலக் கரை போட்ட அரக்குப் பட்டுக்கு மாறினேன். மாலைக்குக் கீழே கரை பளிச்சென்று நின்றது.

"இதுதான்" என்றேன்.

மாமியார் மயில் பட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த மாலைய இங்கிட்டுத் தா. சம்பந்தி மாலைன்னு எனக்கும் போடுவாகள்ல, என் சேலையையும் பாத்துருவோம்."